ஸ்டீபன் ஐவர் குழு: மெதுவான இழுபறியும் வேகமான மோதலும்

கேலக்ஸிகள் ஒன்றையொன்று அதிகம் உருமாற்றுவது எங்கே என்று கேட்டால், ஆயிரக்கணக்கில் அவை அடைந்து கிடக்கும் பெருங்கொத்துகளில் என்றுதான் சட்டென்று சொல்லத் தோன்றும். கூட்டம் கூடினால் உரசலும் கூடும் என்பது இயல்பான எண்ணம். ஆனால் பெருங்கொத்துக்குள் ஒரு கேலக்ஸி விநாடிக்கு 1,000 கி.மீ. அளவில் பாய்ந்துகொண்டிருக்கும். அண்டையில் இருப்பதைக் கடக்கும் நேரத்தில் ஈர்ப்பு விசை பெரிதாக எதையும் செய்துவிட முடியாது. நாலைந்து கேலக்ஸிகள் மட்டும் உள்ள சிறு குழுக்களில் நிலைமை வேறு. அங்கே உறுப்பினர்களின் வேகம் சுமார் 200 கி.மீ.தான். ஒரு கேலக்ஸிக்குள் விண்மீன்கள் சுற்றிவரும் வேகமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். வெளியே நடக்கும் நகர்வும் உள்ளே நடக்கும் சுழற்சியும் ஒரே தாளத்தில் அமைந்துவிடுவதால் இழுவை முழுதாக வேலை செய்கிறது. வால் முளைக்கிறது, வட்டு கலைகிறது, கடைசியில் இரண்டு ஒன்றாகிறது.

இது பொது விதி. அந்த விதிக்கு அடங்கிய செயலும் விதியை மீறிய செயலும் ஒரே இடத்தில் அருகருகே நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால், பெகாசஸ் விண்மீன் கூட்டத்தின் திசையில் உள்ள ஸ்டீபன் ஐவர் குழுவுக்கு இணையான இடம் குறைவு. மெதுவான இழுபறி விட்டுச்சென்ற பழைய தழும்புகள் ஒரு பக்கம். அதிவேகத்தில் வந்து விழுந்த ஒருவனால் இந்த நிமிடமும் நடந்துகொண்டிருக்கும் மோதல் இன்னொரு பக்கம். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் படிக்காவிட்டால் இந்தக் குழு புரியாது. படங்களில் மட்டும் பார்த்தால் நிச்சயம் புரியாது.

யார் உள்ளே, யார் வெளியே

1877இல் பிரான்சின் மார்செய் வானாய்வகத்தில், 80 செ.மீ. விட்டமுள்ள வெள்ளிப் பூச்சுக் கண்ணாடித் தொலைநோக்கியில் எதுவார் ஸ்டீபன் இந்தக் கூட்டத்தைக் கண்டார். அவருக்கு அவை மங்கலான புகைத் திட்டுகள். கேலக்ஸி என்ற கருத்தே அன்று உறுதிப்படவில்லை. இன்று அந்த ஐந்துக்கும் பட்டியல் எண்கள் உண்டு: என்ஜிசி 7317, 7318ஏ, 7318பி, 7319, 7320. 1982இல் பால் ஹிக்சன் நெருக்கமான சிறு குழுக்கள் நூறைப் பட்டியலிட்டபோது இது 92ஆவது ஆனது. அவர் பலோமார் வான்படத் தகடுகளைப் பார்த்து, ஒளியளவில் ஒன்றுக்கொன்று பெரிதாக வேறுபடாத நான்கு உறுப்பினர்களாவது நெருங்கி நிற்க வேண்டும், சுற்றுப்புறம் காலியாக இருக்க வேண்டும் என்பன போன்ற அளவுகோல்களை வைத்துத் தேர்ந்தெடுத்தார். தகட்டில் நெருக்கமாகத் தெரிவதெல்லாம் வெளியில் நெருக்கமாக இருக்குமா? பின்னர் வேகங்களை அளந்தபோது, நூறில் 92 குழுக்களில் குறைந்தது மூன்று உறுப்பினர்களாவது உண்மையிலேயே ஒன்றாக இருப்பது தெரிந்தது. வெறும் படத்தை வைத்து எடுத்த பட்டியலுக்கு இது மோசமான தேறல் அல்ல.

ஸ்டீபன் ஐவரில் இந்தச் சோதனை அதற்கும் முன்பே நடந்துவிட்டது. 1961இல் மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ் தம்பதியர் செம்பெயர்ச்சியை, அதாவது விலகிச் செல்லும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவை, ஆராய்ந்தபோது 7320 மட்டும் தனியாக நின்றது. மற்றவை விநாடிக்கு 6,000 கி.மீ. மேனிக்கு விலகிச் செல்ல, இது சுமார் 800 கி.மீ. வேகத்தில்தான் விலகுகிறது. விலகும் வேகம் கூடினால் தொலைவும் கூடும் என்ற விதிப்படி செம்பெயர்ச்சியைத் தொலைவாக மாற்றினால் 7320 சுமார் 4 கோடி ஒளியாண்டில் இருக்கிறது. மற்றவை சுமார் 29 கோடி ஒளியாண்டில். அதாவது ஐவரில் ஒருவர் வழியில் குறுக்கே நிற்பவர்.

இந்த முடிவை எல்லோரும் உடனே ஏற்கவில்லை. செம்பெயர்ச்சி எப்போதும் தொலைவைத்தான் காட்டுகிறதா என்று கேள்வி எழுப்பி வந்த ஹால்டன் ஆர்ப், 7320உம் குழுவைச் சேர்ந்ததே என்று நெடுநாள் வாதிட்டார். அவர் பக்கம் ஒரு காட்சிச் சான்றும் இருந்தது: குழுவிலிருந்து நீளும் ஒரு வால் 7320ஐப் போய்த் தொடுவதுபோலத் தெரியும். உண்மையில் அந்த வால் அதன் பின்புறமாக, 25 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் செல்கிறது. வாதத்தை முடித்துவைத்தது விண்மீன்கள்தாம். ஹபிள் தொலைநோக்கியும் பின்னர் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியும் எடுத்த படங்களில் 7320இன் விண்மீன்கள் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்து தெரிகின்றன. மற்ற நான்கில் அப்படிப் பிரிவதில்லை. ஆர்ப் தவறிய இடம் இது என்றாலும், வானில் ஒட்டித் தெரியும் எதையும் சந்தேகித்தே பார்க்க வேண்டும் என்ற பழக்கம் இந்தச் சண்டையால் ஊன்றியது என்று எனக்குத் தோன்றும்.

இனி வேகப் பட்டியலை இன்னும் கூர்ந்து பார்க்கலாம். 7317, 7318ஏ, 7319 ஆகிய மூன்றும் 6,600க்கும் 6,750க்கும் இடையே. 7318பி மட்டும் சுமார் 5,770. மற்றவற்றோடு சுமார் 900 வித்தியாசம். 7320க்குச் செய்த கணக்கையே இதற்கும் செய்தால், 7318பி நம் பக்கமாக நாலு கோடி ஒளியாண்டு தள்ளி இருக்க வேண்டும்; அதுவும் வழிப்போக்கன்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொல்லவில்லை. காரணம், 7318பிக்கும் 7319க்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் ஒரு மோதல் நடப்பதற்கான நேரடித் தடயம் இருக்கிறது. நாலு கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கும் ஒன்று இங்கே வந்து மோத முடியாது. ஆகவே இந்த 900 கி.மீ. தொலைவின் கணக்கல்ல, பாய்ச்சலின் கணக்கு. 7318பி பின்புறத்திலிருந்து குழுவுக்குள் புகுந்து நம் திசையில் வந்துகொண்டிருக்கிறது. ஒரே வகையான எண் ஓர் இடத்தில் தொலைவாகவும் இன்னோர் இடத்தில் இயக்கமாகவும் பொருள்படுகிறது. எது எப்போது என்பதை எண் சொல்லாது, மோதல் தடயம்தான் சொல்லும். குழுக்களை ஆராய்வதில் அடிக்கடி இடறும் இடம் இதுதான்.

ஐவரில் ஒருவரை நீக்கினாலும் கணக்கு ஐந்தாகவே நிற்கிறது. கிழக்கே கொஞ்சம் தள்ளி, குழுவை ஒட்டிய வேகத்தோடு 7320சி என்ற கேலக்ஸி இருக்கிறது. பெயரில் 7320 இருந்தாலும் அதற்கும் முன்னால் நிற்கும் 7320க்கும் எந்த உறவும் இல்லை. இது குழுவைச் சேர்ந்தது. முன்னொரு காலத்தில் உள்ளே புகுந்து வெளியேறியதும் இதுதான் என்று கருதப்படுகிறது.

பழைய தழும்புகள்

ஈர்ப்பு விசை அருகில் அதிகம், தொலைவில் குறைவு. ஒரு கேலக்ஸியை இன்னொன்று கடக்கும்போது, அதன் அண்மைப் பக்கம் மையத்தைவிட வலுவாக இழுக்கப்படும். மறுபக்கம் மையத்தைவிடக் குறைவாக இழுக்கப்பட்டுப் பின்தங்கும். இதனால் அண்மைப் பக்கத்தில் இரண்டையும் இணைக்கும் பாலமும், மறுபக்கத்தில் நீண்ட வாலும் உருவாகின்றன. கடலில் ஓதம் எழுவதும் இதே விசையால்தான்.

இதை முதலில் கணக்கிட்டுப் பார்த்தவர் சுவீடனின் எரிக் ஹோம்பெர்க். 1941இல் கணினி கிடையாது. அவர் 74 மின்விளக்குகளை எடுத்து, கேலக்ஸிக்கு 37 வீதம் இரண்டு வட்டுகளாக அடுக்கினார். ஒளியின் செறிவும் ஈர்ப்பைப் போலவே தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஒவ்வொரு விளக்கின் இடத்திலும் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்று ஒளிமின்கலத்தால் அளந்தார். அதையே ஈர்ப்பு விசையாக எடுத்துக்கொண்டு விளக்குகளைக் கையால் நகர்த்தினார். பிறகு மறுபடி அளந்தார், மறுபடி நகர்த்தினார். இரண்டு கேலக்ஸிகள் நெருங்கிக் கடக்கும்போது வட்டுகள் உருக்குலைவதும், அவை ஆற்றலை இழந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதும் அந்த விளக்கு மேசையிலேயே தெரிந்தன. 1972இல் அலர் டூம்ரே, ஜூரி டூம்ரே சகோதரர்கள் கணினியில் இதைச் செய்து, நீண்ட வால்களுக்கு வெறும் ஈர்ப்பே போதும், வேறு மர்ம விசை எதுவும் வேண்டாம் என்று நிறுவினார்கள்.

வாலை விட்டுவிட்டு இரண்டும் தத்தம் வழியே போய்விடாமல் ஏன் ஒன்றாகின்றன என்பதற்கு விடை, சுப்ரமணியன் சந்திரசேகர் 1943இல் வகுத்த இயக்க உராய்வு. விண்மீன்களும், ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் கரும்பொருளும் நிறைந்த வெளியில் ஒரு பெரிய நிறை நகரும்போது, அதன் ஈர்ப்பு பின்னால் பொருளைக் குவித்துவைக்கிறது. அந்தக் குவியல் அதையே பின்னோக்கி இழுக்கிறது. வேகம் கூடக் கூட இந்தத் தடை வேகத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறைந்துவிடும். சிறு குழுக்களில் இணைப்பு நடப்பதற்கும், பெருங்கொத்துகளில் அது அரிதாக இருப்பதற்கும் இந்த ஒரு வரி போதும்.

ஸ்டீபன் ஐவரில் இதன் தழும்புகள் 7319இல் இருக்கின்றன. அதிலிருந்து கிழக்கு நோக்கி இரண்டு வால்கள் நீள்கின்றன. ஒன்று அகலமானது, மங்கியது. மற்றது மெல்லியது, நீலம் கூடியது, இளம் விண்மீன் கொத்துகள் கோத்தது. நீலம் என்றால் சூடான பெரிய விண்மீன்கள். அவை சீக்கிரம் எரிந்து தீர்பவை. ஆகவே நீல வால் இளையது, மங்கிய வால் மூத்தது. இரண்டும் ஏறக்குறைய இணையாகக் கிழக்கே செல்வதால், 7320சி இருமுறை வந்துபோனதன் விளைவு என்ற விளக்கம் முதலில் வந்தது. அதன் வாயு ஏறக்குறைய முழுதும் பறிபோயிருப்பதும் இதற்குப் பொருந்தியது. ஆனால் இளைய வாலின் வயது சுமார் 20 கோடி ஆண்டுதான். அவ்வளவு காலத்துக்குள் 7320சி இன்றைய இடத்துக்கு நகர்ந்து சென்றிருக்க முடியாது, எனவே இளைய வாலை இழுத்தது 7318ஏயாக இருக்க வேண்டும் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. கணினி மாதிரிகளும் இரண்டு பக்கமும் இருக்கின்றன. எனக்கு இரண்டாவது விளக்கமே நெருக்கமாகப் படுகிறது, ஏனென்றால் அதில் காலக்கணக்கு இடிப்பதில்லை.

7317 நெடுநாளாக ஒதுங்கி நிற்கும் சாது என்று கருதப்பட்டது. உருண்டு திரண்ட நீள்வட்ட கேலக்ஸி, வாலும் இல்லை, வாயுவும் இல்லை. 2018இல் ஹவாயில் உள்ள கனடா-பிரான்ஸ்-ஹவாய் தொலைநோக்கியில் எடுத்த ஆழமான படங்கள் அந்தப் பெயரைக் கெடுத்தன. குழுவைச் சுற்றி மிக மங்கிய செந்நிற ஒளிவட்டம் படர்ந்திருக்கிறது. அது 7317ஐயும் சேர்த்து அணைக்கிறது. செந்நிறம் என்றால் வயதான விண்மீன்கள். கேலக்ஸிகளிலிருந்து பிய்ந்து பொதுவெளிக்கு வந்தவை. ஆக, 7317உம் இந்த இழுபறியில் பல காலமாகப் பங்கெடுத்திருக்கிறது. வாயு இல்லாத கேலக்ஸி இழுபட்டால் இளம் விண்மீன்கள் பிறக்காது, பளிச்சென்று எதுவும் தெரியாது. சாதுவாகத் தெரிந்தது அதனால்தான்.

இப்போது நடக்கும் மோதல்

7318பியின் கதைக்கு வேறு இயற்பியல் வேண்டும். முதலில் விண்மீன்களை ஒதுக்கிவிடலாம். சூரியனுக்கும் அடுத்த விண்மீனுக்கும் இடையே சூரிய விட்டத்தைப்போல் மூன்று கோடி மடங்கு தொலைவு. இரண்டு கேலக்ஸிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தாலும் விண்மீன்கள் மோதுவது நடைமுறையில் இல்லை. கேலக்ஸிகளுக்கு இடையே அந்த விகிதம் மிகச் சிறியது: நம் பால்வெளிக்கும் ஆண்ட்ரோமெடாவுக்கும் நடுவில் சுமார் 25 பால்வெளிகளை வரிசையாக வைக்கலாம், அவ்வளவே. அதனால் கேலக்ஸிகள் மோதும், விண்மீன்கள் மோதா. வாயு மோதும். அது ஒன்றை ஒன்று ஊடுருவிப் போக முடியாது.

விநாடிக்கு 900 கி.மீ. என்றால் ஓர் ஒளியாண்டைக் கடக்க 333 ஆண்டு. மூன்று லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள குழுவைக் கடக்கப் பத்துக் கோடி ஆண்டு. ஒரு விண்மீன் தன் கேலக்ஸியை ஒருமுறை சுற்றிவர அதைவிட அதிகம் பிடிக்கும். விண்மீன்கள் தடம் மாறுவதற்குள் 7318பி பாய்ந்து கடந்துவிடும். ஆகவேதான் இவ்வளவு பெரிய மோதலுக்கு நடுவிலும் அதன் சுருள் கைகள் ஓரளவு ஒழுங்காகவே தெரிகின்றன. தழும்பு விண்மீன்களில் இல்லை. கேலக்ஸிகளுக்கு இடையே முன்பே சிதறிக் கிடந்த வாயுவில் இருக்கிறது.

அந்தத் தழும்பை முதலில் கண்டது ரேடியோ வானியல். 1972இல் ஆலனும் ஹார்ட்சூக்கரும் நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் ரேடியோ தொலைநோக்கி வரிசையில் பார்த்தபோது, எந்தக் கேலக்ஸியோடும் ஒட்டாமல், 7318பிக்கும் 7319க்கும் இடையே வடக்குத் தெற்காக ஒரு நீண்ட மேடு ரேடியோ அலையை உமிழ்ந்துகொண்டிருந்தது. பின்னர் எக்ஸ் கதிர் செயற்கைக்கோள்கள் அதே இடத்தில் அதே வடிவத்தைக் கண்டன. மோதலில் வாயுவுக்குள் எழுந்த அதிர்ச்சி அலைதான் அந்த மேடு. நீளம் சுமார் 1,30,000 ஒளியாண்டு. நம் பால்வெளி முழுவதையும் அந்த அலையின் மேல் கிடத்தலாம்.

வெப்பநிலையை வைத்து ஒரு சின்னச் சரிபார்ப்பு செய்யலாம். அதிர்ச்சி அலைக்குப் பின்னால் வாயு அடையும் வெப்பம் மோதும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, 1,000 கி.மீ.க்குச் சுமார் 1.4 கோடி டிகிரி. 900க்கு 1.1 கோடி வர வேண்டும். எக்ஸ் கதிர் காட்டுவது சுமார் 60 லட்சம் டிகிரிதான். இதை வேகமாகத் திருப்பினால் 600, 700 கி.மீ.தான் கிடைக்கிறது. மிச்சம் எங்கே? அலை வாயுவை நேருக்கு நேர் அடிக்காமல் சாய்வாக அடித்தால் செங்குத்தான கூறு மட்டும்தான் சூடாக்கும். கணக்கு அப்படி நேராகிவிடுகிறது.

நேராகாத கணக்கு 2006இல் வந்தது. ஃபிலிப் ஆப்பிள்டனும் சகாக்களும் ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கியை அந்த மேட்டின் மீது திருப்பினார்கள். விண்மீன் பிறப்பின் தடயமான தூசி உமிழ்வு கிடைக்கலாம் என்றுதான் யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். வந்த நிறமாலையில் தூசி பலவீனமாக இருந்தது. ஓங்கி நின்றவை 9.7 மைக்ரோமீட்டரிலும் 17 மைக்ரோமீட்டரிலும் மூலக்கூறு ஹைட்ரஜனின் கோடுகள். லட்சக்கணக்கான டிகிரி வெப்பத்தைக் கிளப்பும் மோதலில் மூலக்கூறுகள் உடைந்து தூளாகியிருக்க வேண்டும். இங்கே அவை உயிரோடு இருந்தன என்பது மட்டுமல்ல, சூடான எக்ஸ் கதிர் வாயு வெளியிடும் ஆற்றலைவிட அவை வெளியிடும் ஆற்றல் அதிகமாக இருந்தது. கோட்டின் அகலத்தை வேகமாக மாற்றினால் 870 கி.மீ.; அதாவது மோதலின் முழு வேகமும் இந்த மூலக்கூறு வாயுவுக்குள் இறங்கியிருக்கிறது.

சில ஆண்டுகளில் பியர் கிலாரும் சகாக்களும் தந்த விளக்கம் இன்றுவரை நிற்கிறது. மோதலுக்கு முன் அங்கிருந்த வாயு ஒரே சீராக இல்லை. அடர்ந்த கட்டிகளும் அவற்றுக்கிடையே மெல்லிய வாயுவுமாகக் கலந்து கிடந்தது. மெல்லிய பகுதியில் அலை முழு வேகத்தில் ஓடி அதை எக்ஸ் கதிர் வெப்பத்துக்கு ஏற்றுகிறது. அடர்ந்த கட்டிக்குள் அதே அழுத்தம் மெதுவான அலையாகத்தான் நுழைய முடியும். அங்கே தூசித் துகள் பிழைக்கிறது, அதன் பரப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் மறுபடி மூலக்கூறாகச் சேர்கின்றன. பெரிய மோதலின் ஆற்றல் கொந்தளிப்பாகக் கீழிறங்கி, விநாடிக்குச் சில கிலோமீட்டர் முதல் சில பத்துக் கிலோமீட்டர் வரையிலான எண்ணற்ற குட்டி அலைகளாகச் சிதறி, ஒவ்வொன்றும் மூலக்கூறுகளைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு அடங்குகிறது. அந்தச் சூட்டைத்தான் 17 மைக்ரோமீட்டரில் பார்க்கிறோம்.

இதிலிருந்து விளையும் ஒன்று எனக்கு மோதலைவிட முக்கியமாகப் படுகிறது. அங்கே மூலக்கூறு வாயு ஏராளம். விண்மீன் பிறக்க அதுதான் மூலப்பொருள். ஆனாலும் மேட்டின் பெரும்பகுதியில் விண்மீன்கள் அரிதாகவே பிறக்கின்றன. கொந்தளிப்பு அடங்காத வாயு தன் ஈர்ப்பில் சுருங்க முடியாது. கேலக்ஸிகள் மோதினால் விண்மீன்கள் கொத்துக்கொத்தாகப் பிறக்கும் என்று பாடநூல் சொல்வது பாதி உண்மைதான். குழுவின் வடக்கு ஓரத்தில் எஸ்க்யூ-ஏ என்று குறிப்பிடப்படும் பகுதியில் உண்மையாகவே வெடிப்பாகப் பிறக்கின்றன. சற்றுத் தெற்கே, அதே மோதலில், இல்லை. 2023இல் ஆல்மா ரேடியோ தொலைநோக்கி அந்த மேட்டின் வெவ்வேறு இடங்களைக் கூர்ந்து பார்த்தபோதும் ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் வாயுவின் கதி வேறாக இருந்தது. ஓரிடத்தில் அது குளிர்ந்து திரள்கிறது, இன்னோரிடத்தில் கிழிபட்டுச் சூடேறுகிறது.

2024இல் கேனரித் தீவுகளில் லா பால்மாவின் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் பொருத்திய வீவ் நிறமாலைக் கருவி இதையே முழுப் பரப்பிலும் அளந்தது. மோதும் வேகம் மணிக்கு 32 லட்சம் கி.மீ., நம் 900 கி.மீ.யேதான். குளிர்ந்த வாயுக் கட்டிகளுக்குள் அலை ஒலிவேகத்தைப் பலமடங்கு மிஞ்சி வலுவாகப் பாய்கிறது. சூடான வாயுவுக்குள் நுழைந்ததும் அது பலவீனமாகிவிடுகிறது, ஏனென்றால் சூடான வாயுவில் ஒலிவேகமே அதிகம். ஒரே அலைக்கு இரண்டு முகம்.

வாயு வீட்டில் இல்லை

ஒரு சுருள் கேலக்ஸியின் அணு ஹைட்ரஜன் அதன் வட்டிலேயே இருக்க வேண்டும். அமெரிக்காவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கி வரிசை எடுத்து 2002இல் வெளியான வரைபடத்தில், இந்தக் குழுவின் அணு ஹைட்ரஜன் சுமார் ஆயிரம் கோடி சூரிய நிறை. அது முழுதும் கேலக்ஸிகளுக்கு வெளியே கிடந்தது. 7319 ஒரு பெரிய சுருள், அதன் வட்டில் ஹைட்ரஜன் இல்லை. பழைய இழுபறிகள் அதை வெளியே வாரிப்போட்டுவிட்டன. வெளியே கிடந்த அந்த வாயுவின் மீதுதான் 7318பி வந்து விழுந்தது. முதல் கதையும் இரண்டாம் கதையும் சேரும் இடம் இதுதான்: மெதுவான இழுபறி வாயுவை இறைத்து வைக்காமல் இருந்திருந்தால், வேகமாக வந்தவனுக்கு மோத எதுவும் இருந்திருக்காது.

உள்ளே தங்கிய கொஞ்சம் வாயுவுக்கு வேறு வழி. இழுபறியில் சுழல்வேகத்தை இழந்து மையத்தை நோக்கிச் சரிந்தது, 7319இன் நடுவே உள்ள கருந்துளைக்கு இரையாகிறது. அதன் நிறை 2.4 கோடி சூரியன். உண்டு உமிழும் ஒளி 4,000 கோடி சூரியன்களுக்குச் சமம். 2022 ஜூலையில் வெளியான ஜேம்ஸ் வெப்பின் முதல் படங்களில் ஐவர் குழு இடம்பெற்றபோது, நடு அகச்சிவப்பில் எடுத்த படத்தில் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு ஒளிர்ந்தது இந்த மையம்தான்.

மற்ற குழுக்களில்

ஐவர் குழு விதிவிலக்கா, மாதிரியா? வாயு விஷயத்தில் மாதிரி. உருசா மேஜர் திசையில் 1.2 கோடி ஒளியாண்டில் எம்81, எம்82, என்ஜிசி 3077 என்று மூன்று. சாதாரண ஒளியில் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவைபோல் நிற்கும். 1994இல் வெளிவந்த, அணு ஹைட்ரஜன் உமிழும் 21 செ.மீ. ரேடியோ அலையில் எடுத்த வரைபடத்தில் மூன்றையும் சுற்றி வாயு வலைபோல் பின்னிக் கிடக்கிறது. எம்82இன் மையத்தில் விண்மீன்கள் மூர்க்கமாகப் பிறப்பதற்குக் காரணம் எம்81உடன் நடந்த அந்தச் சந்திப்பே. படத்தை மட்டும் நம்பியிருந்தால் மூன்றும் நல்ல அண்டைவீட்டார் என்று முடித்திருப்போம்.

செர்பன்ஸ் திசையில் உள்ள சைஃபெர்ட் அறுவர் குழுவில் எண்ணிக்கைப் பிழை இன்னும் வேடிக்கை. ஆறில் ஒன்று பின்னால் ஏறக்குறைய ஐந்து மடங்கு தொலைவில் நிற்பது. இன்னொன்று கேலக்ஸியே அல்ல, பிய்த்தெடுக்கப்பட்ட வால். மிஞ்சிய நான்கும் ஒரு லட்சம் ஒளியாண்டு அகலத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

2001இல் லூர்து வெர்தேஸ்-மோன்தெனெக்ரோவும் சகாக்களும் ஹிக்சன் குழுக்களின் ஹைட்ரஜனை அளந்து ஒரு வரிசை அமைத்தார்கள். முதலில் வாயு கேலக்ஸிகளின் வட்டிலேயே இருக்கும். பிறகு வால்களிலும் பாலங்களிலும் வழியும். கடைசியில் கேலக்ஸிகளில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. சராசரியாக, இருக்க வேண்டிய ஹைட்ரஜனில் ஐந்தில் மூன்று பங்கு காணாமற்போயிருந்தது. ஐவர் குழு அந்த வரிசையின் கடைசிக் கட்டத்தில் உட்காரும். அதிவேக மோதல் விஷயத்தில் மட்டும்தான் அது விதிவிலக்கு. இவ்வளவு பெரிய அதிர்ச்சி அலை வேறு குழுக்களில் சுலபமாகக் கிடைப்பதில்லை.

நாம் குடியிருக்கும் குழுவும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது, ஆனால் அவசரமில்லாமல். மெகல்லன் மேகங்கள் இரண்டும் ஒன்றையொன்று இழுத்ததிலும் பால்வெளியோடு உரசியதிலும் சிந்திய ஹைட்ரஜன், வானில் நூறு பாகைக்கு மேல் ஓடையாக நீள்கிறது. 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி நிற்கும் ஆண்ட்ரோமெடா விநாடிக்கு 110 கி.மீ. வேகத்தில் நெருங்குகிறது. 2025இல் வெளியான ஒரு பெரிய கணிப்பு, பெரிய மெகல்லன் மேகத்தின் இழுப்பையும் கணக்கில் சேர்த்தபோது, அடுத்த ஆயிரம் கோடி ஆண்டில் இரண்டும் மோத ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றது. அதுவரை மோதல் உறுதி என்றே எழுதிவந்தோம்.

இனி

ஒரு பழைய கேள்வி பாக்கியிருக்கிறது. நெருக்கமான குழுக்களில் ஓர் உறுப்பினர் மறுமுனைக்குப் போக இருபது கோடி ஆண்டு அளவுதான் ஆகிறது என்றால், அவை எப்போதோ ஒன்றாகக் கலந்து முடிந்திருக்க வேண்டுமே? ஒரு பகுதி விடை, புதிய ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்பது. நெருக்கமான குழு ஒவ்வொன்றும் ஒரு தளர்ந்த பெரிய குழுவின் நடுப்பகுதி. வெளியிலிருந்து ஒவ்வொருவராக விழுகிறார்கள். 7320சி ஒரு காலத்தில் விழுந்தது, 7318பி இப்போது விழுகிறது. இரண்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த விடைக்கு ஐவர் குழுவே சாட்சி. மற்ற பகுதி, கேலக்ஸிகளைச் சுற்றியுள்ள கரும்பொருளில் கணிசமான பங்கு தனித்தனியாக இல்லாமல் குழு முழுதுக்கும் பொதுவாகப் பரவியிருந்தால் உராய்வு குறையும் என்பது.

முடிவில் கிடைப்பது புதைபடிவக் குழு என்று அழைக்கப்படுவது: நடுவில் ஒற்றைப் பெரிய நீள்வட்ட கேலக்ஸி, சுற்றிலும் ஒரு குழு முழுமைக்கும் உரிய எக்ஸ் கதிர் வாயு. முதலாவதை 1994இல் டிரெவர் பான்மனும் சகாக்களும் அடையாளம் கண்டார்கள். ஐவர் குழுவில் வாயு ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது, அதில் ஒரு பங்கு எக்ஸ் கதிரில் ஒளிர்கிறது, விண்மீன்களும் பொதுவெளிக்குச் சிந்தத் தொடங்கிவிட்டன. இணைய வேண்டியவை 7317, 7318ஏ, 7319 என்ற மெதுவான மூன்றும்தான். 7318பி இந்த வேகத்தில் தங்குமா, ஊடுருவிப் போய்விடுமா என்பது வேறு கணக்கு.

2022 அக்டோபரில் சீனாவின் ஃபாஸ்ட் ரேடியோ தொலைநோக்கி இதற்கு ஒரு சிக்கலைச் சேர்த்தது. குழுவைச் சுற்றி சுமார் 20 லட்சம் ஒளியாண்டு அகலத்துக்கு மிக மெல்லிய அணு ஹைட்ரஜன் பரவியிருக்கிறது. அதன் வெளி ஓரம், வால்கள் உருவாவதற்கும் முன்னால், சுமார் நூறு கோடி ஆண்டுக்கு முந்தைய சந்திப்பில் வெளியேறியிருக்க வேண்டும். அவ்வளவு அடர்த்தி குறைந்த வாயுவை கேலக்ஸிகளுக்கு இடையே உலவும் புறஊதாக் கதிர் வெகுகாலத்துக்கு முன்பே அயனியாக்கி, அதாவது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்து, அழித்திருக்க வேண்டும். அது இன்னும் அணுவாகவே இருக்கிறது.